விரலை எடுத்தால் உறுமும்

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் சௌக்கியம். நீங்கள் அனுப்பிய டர்ன்டேபிளுக்குத்தான் உடம்பு சரியில்லை. அங்கு நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் எந்த உறுமலும் இல்லாத வீட்டில் நிம்மதியாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் உங்கள் அக்கா காதில் விழும் என்பதால்தான் இந்தக் கடிதம். தம்பி அனுப்பிய பொருளில் கோளாறே இருக்காது, இருந்தால் அது மாட்டியவர் கோளாறு என்பது அவள் கட்சி. மாட்டியவன் நான்.

பெட்டியைப் பிரித்ததுமே, கூட நீங்கள் வைத்திருந்த இசைத்தட்டைப் பார்த்து அவள் கத்திய கத்தலில் நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டேன். கல்லூரிக் காலத்தில் அவளுடைய சேர்ந்திசைக் குழு பாடிய தட்டு. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, தான் மட்டும் தனியாக ஒரு வரி பாடியதாக முப்பத்து நான்கு வருடமாக அவள் சொல்லி வருவது உங்களுக்கே தெரியும். "முப்பது பேர் பாடின கூட்டத்துல உன்ன மட்டும் எதுக்குத் தனியா விட்டாங்க?" என்று நானும் அதே முப்பத்து நான்கு வருடமாகச் சீண்டி வருகிறேன். அன்று சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப கேளுங்க" என்றாள். முள் இறங்கியது. "உம்ம்ம்ம்" என்று ஓர் உறுமல். பாட்டுக்குப் பாட்டு அது குறையவே இல்லை. அந்த வரி வந்ததா போனதா என்றே தெரியவில்லை. அவள் முகம் வாடிப்போனது. எனக்கு அது தாங்கவில்லை. "ரெண்டே நாள் குடு, சரி பண்ணிடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மின்சார அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் உங்கள் குடும்பமே என்னை மின்சாரத்தில் புலி என்று நினைக்கிறது. நான் இருந்தது புகார்ப் பிரிவில். வரும் புகாருக்கு எண் போட்டு, நேரம் குறித்து, கடைசியில் 'கவனிக்கப்பட்டது' என்று எழுதுவதோடு என் வேலை முடிந்தது. கம்பத்தில் ஏறியது வேறு ஆட்கள். ஆனாலும் பழக்கம் விடுமா? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, உறுமலுக்கும் எண் போட்டேன்.

முதல் சந்தேகம் ஃபிரிட்ஜ் மீது. அதுவும் உம் என்கிறது, இதுவும் உம் என்கிறது, இரண்டும் கூட்டுக் களவாணிகள் என்று பிளக்கைப் பிடுங்கினேன். உறுமல் அசையவில்லை. பிளக்கைத் திரும்பச் செருக நான் மறந்ததில் மறுநாள் பால் திரிந்து, காய்கறி துவண்டு, சமையலறையில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். அடுத்து விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பட்டப்பகலில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கேட்டோம். அப்போதும் உம். அப்படியானால் வெளியாள் வேலைதான் என்று மாடி வீட்டுக்குப் போய், "சார், உங்க மீன்தொட்டி மோட்டாரால எங்க வீட்டுப் பாட்டு கெட்டுப்போகுது" என்றேன். "என் மீனு வாயே திறக்காதே சார்" என்றார் அவர். நல்ல மனிதர். மோட்டாரை அணைத்துவிட்டு என்னோடு இறங்கி வந்து காது கொடுத்துக் கேட்டு, "இது மீன் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்தார்.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். "எர்த் இல்ல சார். பின்னாடி ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதுலருந்து ஒரு ஒயர இழுத்துத் தண்ணிக் குழாய்ல கட்டுங்க. நிக்கலன்னா நாளைக்கு வரேன்" என்றார். அவருடைய நாளை இன்னும் விடியவில்லை. நானே கூடத்திலிருந்து நடை வழியாகக் குளியலறை வரை ஒயரை இழுத்துக் குழாயில் நாலு சுற்றுச் சுற்றினேன். உறுமல் அப்படியே இருக்க, பாட்டுக்குப் பின்னால் ஒருவர் கடலில் காற்று பலமாக வீசும் என்று வானிலை அறிக்கை வாசிக்க ஆரம்பித்தார். ஏதோ வானொலி நிலையத்தைக் கூப்பிட்டுவிட்டிருக்கிறேன். வாளியோடு வந்த உங்கள் அக்கா ஒயரில் தடுக்கி, சுதாரித்து, குழாயைப் பார்த்தாள். "இது பிளாஸ்டிக் குழாய்ங்க. போன வருஷம் மாத்தினப்ப நீங்கதான கூடவே நின்னீங்க?" 'கவனிக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டேன்.

அந்த ஒயரை அவிழ்க்கும்போதுதான் அது நடந்தது. என் விரல் அந்த ஸ்க்ரூ மேல் பட்டது. உறுமல் கப்பென்று நின்றது. எடுத்தேன், உம். வைத்தேன், நிசப்தம். "ஓடி வா" என்று கத்தினேன். அவள் வந்து இரண்டாம் பக்கத்தைப் போட, ஸ்க்ரூவில் விரலை வைத்தபடி பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டில் எல்லோரும் நிறுத்தினார்கள். ஒரே ஒரு குரல் எழுந்தது. அவள் குரல்தான், மைத்துனரே. இருபது வயதுக் குரல். ஒரே ஒரு வரி. இத்தனை வருடம் இதைக் கிண்டல் செய்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. "கேட்டுச்சா?" என்றாள். "கேட்டுச்சு" என்றேன்.

அதெல்லாம் சரி. ஆனால் அன்றிலிருந்து மூன்று வாரமாக, தினமும் நாலு மணிக்கு எனக்கு இதே உத்தியோகம். மூக்கு அரித்தால் சொறிய முடியவில்லை. வாசல் மணி அடித்தால் எழுந்திருக்க முடியவில்லை. கொஞ்சம் அசைந்தாலும் கண்ணைத் திறக்காமலே "விரல்!" என்கிறாள். இந்தக் கடிதத்தையே இடது கை விரலை ஸ்க்ரூவில் வைத்துக்கொண்டு வலது கையால்தான் எழுதுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை சும்மா வருவதுபோல் வந்து, இதைச் சரி செய்யுங்கள், அல்லது எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். என் விரல் எனக்கு வேண்டும்.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, எர்த் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
ஒன்பது விரலோடு காலம் தள்ளும்
உங்கள் அத்தான்

பின்குறிப்பு (மறுநாள்): கவர் தேடி உங்கள் அக்காவின் மேசை டிராயரைத் திறந்தேன். இரண்டு முனையிலும் கொக்கி வைத்த ஒரு பச்சை ஒயர் இருந்தது. அதைச் சுற்றி, நீங்கள் போன வாரம் அவளுக்கு எழுதிய கடிதம். படித்திருக்கக் கூடாது, படித்துவிட்டேன். "அக்கா, இதோடு வைத்திருக்கும் பச்சை ஒயரை டர்ன்டேபிளுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் மாட்டினால் ஒரே நிமிடத்தில் உறுமல் நின்றுவிடும். நீ கேட்டபடி அத்தானிடம் மூச்சு விடமாட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் உன் பக்கத்தில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தது இப்போதுதான் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு எப்படிச் சொல்வேன்?"

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். கோபம் வரும் என்று சற்று நேரம் நின்று பார்த்தேன், வரவில்லை. ஒயரையும் கடிதத்தையும் இருந்தபடியே வைத்து டிராயரை மூடிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தே தீருவீர்கள் என்றால் டர்ன்டேபிளின் பின்பக்கம் போகாதீர்கள். மணி நாலாகப் போகிறது. இன்று அவள் கூப்பிடுவதற்கு முன்பே போய் உட்காரப் போகிறேன்.