குளத்தில் நின்ற வண்டியும் ஒரு ‘சரிங்க’வும்

பெருமதிப்புக்குரிய விர்யோனோ ஐயா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற தபால்காரன் கர்சிடி தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது. (சம்பந்தி என்று எழுதத்தான் ஆசை. அந்த உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.) தங்கள் மீது சாந்தி நிலவட்டும். இங்கு நானும் மனைவி சுமிராவும் மகன் ஜாத்மிகோவும் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. அங்கு தாங்களும், துணைவியாரும், மகள் வெனிங்கும், கூண்டில் பாடும் மணிப்புறாவும் நலம்தானே? குளத்து மீன்களைப் பற்றிக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

பெண் கேட்டு வந்த அன்று நடந்ததை நேரில் வந்துதான் விளக்க வேண்டும். ஒரே மலைச்சரிவில் நான் மேலே, தாங்கள் கீழே; கூப்பிடு தூரம். ஆனால் முகத்தைக் காட்ட வெட்கமாக இருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

பெண் கேட்கப் போகிற மோட்டார் சைக்கிள் கீச்சுக் கீச்சென்று கத்தினால் நன்றாகவா இருக்கும்? முன் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. பின் பிரேக்கோ எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது. “அப்பா, நான் பட்டறையில காட்டிக்கிறேன், நீங்க கைய வெச்சுடாதீங்க” என்றான் ஜாத்மிகோ. தபால் சைக்கிளை வீட்டிலேயே பிரித்து மாட்டியவனிடம் பேசுகிற பேச்சா இது? அவன் முடிவெட்டப் போன நேரம் பார்த்து முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன். நம் பக்கம் ஒருவன் ஸ்பேனரை எடுத்தால் தெருவே காப்பி டம்ளரோடு வந்து குந்திவிடும் என்பது தாங்கள் அறியாததல்ல. பக்கத்து வீட்டுத் துகிஜோ வந்தார், எதிர்வீட்டு சம்சூரி வந்தார், சுமிரா வாழைப்பழ பஜ்ஜி சுட்டு வைத்தாள். பழைய பேடைக் கழற்றினேன், பிஸ்டனை உள்ளே தள்ளினேன், புதுப் பேடை மாட்டினேன். எப்படி? உரசிப் பிடிக்க வேண்டிய பக்கம் வெளியே பார்க்க, வெறும் இரும்புப் பக்கம் சக்கரத்து டிஸ்க்கைப் பார்க்க! இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள் ஐயா. ஆனால் நம்மவர்கள் வயதில் மூத்தவனை முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்லிவிடுவார்களா?

“அண்ணே, இப்படியும் மாட்டலாம் போல” என்றார் துகிஜோ.

“அழகா இருக்குண்ணே. இந்த மாதிரி நான் எங்கயும் பாத்ததே இல்ல” என்றார் சம்சூரி.

“அப்ப சரியா இருக்குதானே?” என்றேன்.

“சரிங்கண்ணே, சரிங்க!” என்றார்கள் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டே. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

உறவெல்லாம் பின்னால் வேனில், முன்னால் அந்த வண்டியில் நானும் சுமிராவும். அவள் மடியில், மணமக்கள் ஒட்டிக்கொண்டு வாழ வேண்டும் என்று ஒட்டரிசியும் வெல்லமும் போட்டுக் கிண்டிய வஜிக் தட்டு. பாதிச் சரிவில் பிரேக்கைப் பிடிக்கிறேன், வண்டி ஊளையிடுகிறதே ஒழிய நிற்கிற பாடில்லை. “என்னங்க, நில்லுங்க!” என்று கத்துகிறாள். “நான் எப்பவோ நின்னுட்டேன்டி, வண்டிதான் நிக்கல!” என்கிறேன். உங்க வேலி வந்துச்சு, போச்சு. துணிக் கொடி வந்துச்சு, அது கூடவே வந்துச்சு. குளம் வந்துச்சு, நின்னோம். தட்டு பறந்துபோய், வாசலில் கைகூப்பி நின்ற தங்கள் கறுப்பு வெல்வெட் தொப்பிமேல் வஜிக் அப்பிக்கொண்டது. எவ்வளவு சுரண்டியும் வரவில்லை. தாங்களோ முகம் கோணாமல், “வாங்க வாங்க, நேரத்தோடவே வந்துட்டீங்க” என்றீர்கள். நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது.

சட்டைப்பையில் மீன் துள்ள, ஈரத்தோடு உட்கார்ந்து பெண் கேட்டேன். தாங்கள் “சரிங்க” என்றீர்கள். அங்கேதான் சிக்கல். துகிஜோவும் ‘சரிங்க’ என்றுதானே சொன்னார்? ஐயா, தங்களுடையது எந்த ‘சரிங்க’? “வேண்டாங்கிறததான் மரியாதையாச் சொல்லியிருக்காங்கப்பா” என்று ஜாத்மிகோ தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறான். பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு வரி பதில் போடுங்கள். அது வரும்வரை தங்கள் வாசல் பக்கம் வரவே மாட்டேன். பேடைத் திருப்பிச் சரியாக மாட்டிவிட்டேன். இனி அந்த வண்டியால் தங்களுக்குத் தொல்லை இராது.

தங்கள் வயலில் நெல்லும் குளத்தில் (மிச்சமிருந்தால்) மீனும் பெருகட்டும் என்று வேண்டும்,
கர்சிடி

பின்குறிப்பு: சம்பந்தி அவர்களே! கடிதத்தைத் தபாலில் போட அதே வண்டியில்தான் கிளம்பினேன். இதைத் தங்கள் குளக்கரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உடம்பெல்லாம் நனைந்தும் கடிதம் நனையவில்லை. தபால்காரன் கை அல்லவா. தாங்கள் சந்தைக்குப் போயிருக்கிறீர்களாம். வெனிங்தான் ஓடி வந்தாள். பேட் கதை முழுவதையும் சொன்னேன். “மாமா, அன்னைக்கு மாட்டினதும் தப்பு, இன்னைக்குக் கிளம்பினதும் தப்பு! பேட் மாட்டினா, பிரேக்க நாலு தடவ அமுக்கிப் பிடிப்பு வந்தப்புறந்தான் வண்டிய எடுக்கணும்!” என்றாள். இந்த மலையில் என்னை முகத்துக்கு நேரே தப்பு என்று சொன்ன முதல் ஆள். அந்த வாயை நம்பித் தங்கள் ‘சரிங்க’வைப் பற்றிக் கேட்டேன். “அப்பா சொன்னது நிஜ சரிதான் மாமா. வஜிக் ஒட்டின தொப்பியக் கழுவவே விடல. நல்ல சகுனமாம், அலமாரில வெச்சுப் பூட்டியிருக்காரு” என்றாள். ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். நான் சாப்பாட்டு நேரத்துக்கு முன் வீடு போய் ஜாத்மிகோவிடம் சொல்ல வேண்டும். வண்டி குளத்திலேயே இருக்கட்டும். கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் நடந்தே வருகிறோம்.