நஜ்முதீன் காட்டிய பிரிட்டன்

நஜ்முதீனின் கைப்பேசியிலிருந்து பிரிட்டன் காணாமல் போய்விட்டது.

காலையில்கூட இருந்தது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் போன ரயில், விண்டர்மியர் ஏரிப் படகு, ஸ்கை தீவுக்குப் போன கப்பல் மாதிரியான பெரிய படகு, எல்லாம் பத்திரமாக இருந்தன. இடம் போதவில்லை என்று கைப்பேசி நச்சரித்ததால், மலேசியாவின் தங்காக் ஊரில் இருக்கும் தன் துணிக்கடைக்கு வந்த சேலைகளின் படங்களை அழிக்க உட்கார்ந்தார். அழித்து முடித்துப் பார்த்தால் சேலைகள் அத்தனையும் பளபளவென்று அப்படியே இருந்தன. பிரிட்டன்தான் போயிருந்தது.

"அலமாக்!" என்று அலறினார்.

அழித்த படங்கள் குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும் என்று யாரோ சொன்ன ஞாபகம். தேடினார். கிடந்தன. மீட்டெடுக்கப் போன விரல் பதற்றத்தில் பக்கத்துப் பொத்தானை அமுக்கியது. தொட்டியும் சுத்தமாயிற்று.

சமையலறையிலிருந்து பிரியாணி மணம் வந்தது. மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸ் சொந்தக்காரர்களையும் பக்கத்து வீட்டுக்காரரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். சாப்பிட்டதும் ஹாலில் பெரிய டிவியில் பயணப் படங்கள். அதுதான் ஏற்பாடு.

கல்யாணமான புதிதில் அவள் ஆசைப்பட்ட பயணம் அது. கடையை யார் பார்ப்பது என்று சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டவர், இந்த ஜூனில்தான் கூட்டிப் போனார். ஸ்கை தீவுக்குப் போகும்போது மேல்தளத்தில் காற்று அவள் முக்காட்டைப் பிடுங்கப் பார்த்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அவள் குழந்தை மாதிரிச் சிரித்ததை அவர் படம் பிடித்திருந்தார். அதுவும் போச்சு. அவளிடம் எந்த வாயால் சொல்வது?

சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, இணையத்தில் அகப்பட்ட ரயில், படகு, மலை என்று சகட்டுமேனிக்கு இறக்கினார்.

பிரியாணி முடிந்தது. பிர்தௌஸின் தம்பி நவ்சாத், அவன் மகள் ஷைமா, பக்கத்து வீட்டு லோகேஸ்வரன் எல்லாரும் டிவிக்கு எதிரே வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள்.

முதல் படம். உயரமான கல்பாலத்தின் மேல் ரயில் புகை விட்டுக்கொண்டு வளைந்து போனது.

"அடேயப்பா, அழகு!" என்றார் லோகேஸ்வரன். "நீங்க ரெண்டு பேரும் எங்க இருக்கீங்க?"

"ரயிலுக்குள்ள."

"அப்ப வெளிய நின்னு யாரு புடிச்சது?"

"நான்தான். இறங்கிப் புடிச்சேன்."

"ரயிலு நின்னுச்சா?"

"அந்த ஊர்க்காரங்க ரொம்ப மரியாதையானவங்க லா. கேட்டா நிறுத்துவாங்க."

பிர்தௌஸ் திரும்பிப் பார்த்தாள். "எப்பங்க இறங்கினீங்க? எனக்குத் தெரியாதே."

"நீ தூங்கிட்டிருந்த."

அடுத்த படத்தை அவசரமாகத் தள்ளினார். ஏரியில் ஒரு படகு. சுற்றிலும் மலையெல்லாம் பனி.

"ஜூன் மாசத்துலயா மச்சான்?" என்றான் நவ்சாத். "ஹோட்டல்ல ஃபேன் இல்லாம வெந்து போனோம்னு சொன்னீங்க?"

"ஹோட்டல்ல வெயிலு. ஏரியில பனி. அங்க வானிலை அப்படித்தான், நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்."

"அந்தப் பனியையும் நான் பாக்கலையே," என்றாள் பிர்தௌஸ்.

"அப்பவும் தூங்கிட்டிருந்த."

மூன்றாவது படத்தில் படகு கரையோரம் நின்றது. கரையில் பென்குயின்கள் வரிசை கட்டி நின்றன. இறக்கும்போது அவற்றை அவர் கவனிக்கவில்லை.

ஷைமா தலையணையை எடுத்து முகத்தோடு அணைத்துக்கொண்டாள்.

"இதுங்க..." என்று இழுத்தார் லோகேஸ்வரன்.

"ஸ்காட்லாந்து பென்குயின்," என்றார் நஜ்முதீன். தப்பித்தால் போதுமென்று அடுத்ததைத் தட்டினார். படகின் மேல்தளத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கையசைத்துக்கொண்டிருந்தது.

"இவங்க யாரு?" என்றாள் பிர்தௌஸ்.

"வழியில பழக்கமானவங்க. நம்மள வீட்டுக்கே கூப்பிட்டாங்க. பிரியவே மனசில்லாம கை காட்டுறாங்க பாரு."

"வீட்டுக்குக் கூப்பிட்டாங்களா? என்னை எழுப்பவே இல்லையா?"

அவள் முக்காட்டின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. குலுங்கிக்கொண்டே இருந்தன.

இத்தனை வருஷம் காத்திருந்து போன பயணம். அதையும் தூங்கியே கழித்துவிட்டதாக அவளை நம்ப வைத்து, ஊர் முன்னால் அழவும் விட்டாயிற்று. நஜ்முதீன் எழுந்து டிவியை அணைத்தார்.

"பிர்தௌஸ், அழாதம்மா. நீ தூங்கவே இல்ல. ஒரு நிமிஷம்கூடத் தூங்கல. ஜன்னலுக்கு வெளிய ஆட்டுக்குட்டி வந்தாக்கூட என் கையப் புடிச்சுக் காட்டின." அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "படமெல்லாம் நான்தான் அழிச்சிட்டேன். சேலைன்னு நெனச்சு அழிச்சிட்டேன். இதெல்லாம் யாரு எடுத்ததோ, எந்த ஊரோ. நீ சிரிச்ச படமும் போச்சு. மன்னிச்சிரு. கடைய மூடிட்டாவது உன்னை மறுபடி கூட்டிப் போறேன். அதே ரயிலு, அதே படகு. சத்தியமா."

அவள் தோள்கள் இன்னும் வேகமாகக் குலுங்கின. நவ்சாத் கூரையைப் பார்த்தான். லோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷைமாதான் தலையணையை மெல்ல இறக்கினாள்.

"மாமா, நீங்க இல்லாத வாட்ஸப் குரூப் ஒண்ணு இருக்கு. மாமி ரயில்லேருந்தே எல்லாத்தையும் படம் எடுத்து அதுல போட்டுட்டாங்க, நீங்க 'அலமாக்'னு அலறினப்பவே எட்டிப் பாத்து, படமெல்லாம் அழிஞ்ச சேதியையும் போட்டுட்டாங்க. இன்னிக்கு நீங்க எந்த ஊரக் காட்டப் போறீங்கன்னு பாக்கத்தான் நாங்க எல்லாரும் வந்தோம்!"