செவலைவர்மன் சரித்திரம்

எழுபத்து நாலாம் வருஷம் மாங்காய்க் காலத்தில், முதலமடையில் மாங்காயைவிட மலிவாகக் கிடைத்தது ராஜ பரம்பரை. சரித்திரச் சித்தர் வந்து இறங்கி எட்டே நாள்தான். அதற்குள் ஊரில் குடிமகன் என்று ஒருத்தன் மிச்சமில்லை, எல்லாரும் இளவரசர்கள்!

சித்தர் உடம்பில் ஆதி சேர ராஜா இறங்குவாராம். இறங்கி, நாட்டுக்கெல்லாம் பெயர் வந்த கதை சொல்வாராம். கேரவர்மன் ஆண்டதால் கேரளம். கொல்லவர்மன் ஆண்டதால் கொல்லங்கோடு. அப்புசாமி போய் நின்றார், அப்பவர்மன் வம்சம். குப்பண்ணன் போய் நின்றார், குப்பவர்மன் வம்சம். வால் ஒன்றுதான், தலையை மட்டும் மாற்றினால் போதும். அதற்கே தட்டு நிறையக் காணிக்கை விழுந்தது.

மருதாத்தாள் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அவள் புருஷன் செங்கோட்டையன் செங்கவர்மனாகி வீடு திரும்பும்வரை.

"நம்ம கெணத்து மேட்டு மாமரத்துக்கு அடியில ராசாவோட கிரீடம் இருக்குதாமா. நாளைக்கு மரத்தை வெட்டோணும்."

"கிரீடம் நமக்கு. மரம் ஆருக்குங்க?"

"சித்தரோட யாகத்துக்கு. லாரிகூட அவங்களே கொண்டாராங்க."

மருதாத்தாள் கல்யாணமாகி வந்த வருஷம் தன் கையால் நட்ட மரம் அது. மழை பொய்த்த வருஷங்களில் அந்தக் காய்தான் வீட்டில் உலை வைத்தது. அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். செங்கவர்மன் மசியவில்லை. ராஜாவாயிற்றே!

மறுநாள் காலை தோட்டத்தில் ஊரே கூடிவிட்டது. கோடாலிக்காரர்களும் லாரியும் தயார். சித்தர் கண்ணைச் செருகிக்கொண்டு உறுமினார். மருதாத்தாள் கும்பிட்டபடி முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க ராசா, வெட்டறதுக்கு முந்தி ஒரு சந்தேகமுங்க. செவலைவர்மன்னு ஒருத்தரைத் தெரியுங்களா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தர் டவுன்காரர், அவர் என்னத்தைக் கண்டார்?

"செவலைவர்மனா! என் உடன்பிறந்த தம்பி! செவலை நாட்டை நாற்பது ஆண்டுகள் ஆண்டவன்!"

"குடும்பம் உண்டுங்களா?"

"மூன்று ராணிகள்! முப்பது பிள்ளைகள்!"

"அட பாவமே! போன ஆடியிலதானுங்க அவனுக்குக் காயடிச்சோம்!"

சொல்லிவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் போனாள். தன் செவலைக் காளையைப் பிடித்து வந்து நிறுத்தினாள். "இந்தாங்க உங்க தம்பி. பேசிட்டிருங்க."

தம்பி அண்ணனின் கழுத்து மாலையைத் தின்னத் தொடங்கியது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஆதி சேரன் ஒரே பாய்ச்சலில் லாரியில் ஏறி, "மச்சான், வண்டியை எடுறா!" என்று அலறினார். டிரைவர் மச்சானுக்கு மரக்கடை என்ற சரித்திரமும் அப்போதுதான் வெளியே வந்தது. அப்பவர்மனும் குப்பவர்மனும் லாரியை மறித்து, காணிக்கையைக் கீழே இறக்கிய பிறகே வழி விட்டார்கள்.

செங்கோட்டையன் தலையைச் சொறிந்தான். "ஏம்புள்ள, இதை நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா கேட்டீங்களா?" என்றாள் மருதாத்தாள், ஊருக்கே கேட்கும்படி. "மாடு வாங்கப் போனா பல்லைப் புடிச்சுப் பாக்காம ஒருத்தராச்சும் வாங்குவீங்களா? ராசாவை மட்டும் கண்ணை மூடிட்டு வாங்கிட்டீங்களே!"