சோறூட்டும் சாமி

“பிள்ளை, உனக்கும் சோத்தைக் கண்டால் பயமோ?” என்று சோறூட்டும் சாமி ஒருநாள் என்னைக் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. கதைக்காத பிள்ளையைக் கண்டால் சாமிமாருக்கு உடனே தோஷம் தெரிந்துவிடும். எனக்கு ஒன்றல்ல, மூன்று இருந்ததாம்.

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் தங்கியிருந்த லொட்ஜின் மேல்மாடியில்தான் சாமி இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் சனம் படிக்கட்டு வழியே தெருவரை நிற்கும். ஷெல்லுக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாய்மார். வழியில் ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் நின்று அடையாள அட்டை காட்டி வந்தவர்கள், சாமியிடம் மட்டும் ஓர் அத்தாட்சியும் கேட்கவில்லை. காவி உடுத்தவரைக் கேட்பது பாவமல்லவா?

அறைக்குள் அடைந்து கிடக்கிற பிள்ளை சத்தம் போட்டால் லொட்ஜ்காரர் ஏசுவார். அதனால் விடிந்தது முதல் பிஸ்கட், டொபி, சீனித் தேத்தண்ணி. மத்தியானம் பிள்ளை சோற்றைத் தள்ளினால், “அன்னதோஷம்” என்பார் சாமி. என்ன கண்டுபிடிப்பு!

வைத்தியம் எளிது. வெள்ளி காலை முதல் பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். உச்சிவேளையில் சாமி மந்திரம் சொல்லி, சோற்றில் திருநீறு தூவி ஊட்டுவார். பிள்ளை பாய்ந்து தின்னும். தாய்மார் அழுவார்கள். காணிக்கை விழும்.

அத்தோடு விட்டாரா? “தோஷம் தீருமட்டும் கீரை, முட்டை, மீன் ஒண்டும் ஆகாது. வெறுஞ்சோறும் திருநீறும்தான்.”

பக்கத்து அறை யோகராணி அக்காவின் மகள் தர்சினிக்கு இரத்தம் குறைவு, கீரையும் முட்டையும் கொடுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அக்கா டொக்டரை விட்டுச் சாமியைப் பிடித்தார். ஐந்து வயதுப் பிள்ளை, படியேறும்போது தலை சுற்றிப் பாதியில் குந்திவிடும்.

கீழே லொட்ஜ் குசினியில் சரோஜினிதேவி டீச்சர். ஊரில் மனையியல் படிப்பித்தவர். “பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, சேர்ந்து சமைச்சு ருசி பாப்பம்” என்று அறை அறையாகக் கூப்பிட்டார். ஒருவரும் போகவில்லை. காசு வாங்காதவருக்கு என்ன சக்தி இருக்கும்?

ஒரு வெள்ளிக்கிழமை, தாய்மார் மேலே பஜனை பாடிக்கொண்டிருக்க, படியில் சோர்ந்திருந்த பிள்ளைகளை டீச்சர் கீழே அழைத்தார். “ஆர் முருங்கையிலை உருவுறது? ஆர் தேங்காய் துருவுறது? சமைக்கிற ஆள்தான் முதல்ல ருசி பாக்கவேணும்!”

நானும் போனேன். தர்சினி இலை உருவினாள். தேங்காய்ப்பூ போட்டு வதக்கிய முருங்கையிலை வறையை வாயில் போட்டு, “உப்புக் காணாது டீச்சர்” என்றாள். பிறகு வறையும் அவித்த முட்டையும் சோறுமாக ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றாள்.

உச்சிவேளை. சாமி திருநீறு தூவிச் சோற்று உருண்டையை நீட்டினார். தர்சினி வாயை இறுக்கினாள். இன்னும் தூவினார். பிள்ளை தும்மினாள்.

“தோஷம் முத்திப்போச்சு! பெரிய பூசை செய்யவேணும்!”

யோகராணி அக்கா கழுத்துச் சங்கிலியைக் கழற்றப் போனார்.

“நான் கீழ சாப்பிட்டனான்” என்றாள் தர்சினி. “வறைக்கு இலை நான்தான் உருவினனான்.”

பிள்ளைகளின் பின்னால் ஏறி வந்த டீச்சர், தர்சினி தின்ற வெறுந்தட்டை வாசலில் தூக்கிக் காட்டினார். “ஊட்டுங்கோ சாமி. மந்திரம் என்ன, வயித்தைப் பாத்தோ வேலை செய்யும்?”

சாமிக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் மனிதர் உண்மை பேசிவிடுவார். “வயிறு நிறைஞ்ச பிள்ளை எப்பிடியடி தின்னும்?”

“அதைத்தான் நானும் சொல்லுறன். பசிச்ச பிள்ளை மந்திரம் இல்லாமலும் தின்னும்.”

பின்னால் நின்ற ஒரு தகப்பன் தொண்டையைச் செருமினார். “அப்ப டீச்சர், வறைக்கு நீங்கள் என்ன மந்திரம் போட்டனீங்கள்?”

“உப்பு.”

பிள்ளையைப் பட்டினி போட்டு, அதற்குப் பக்தி என்று பெயர் வைத்த பெரியவர்களே! கும்பிட இரண்டு கை வேண்டும், சரி. யோசிக்க இருப்பது ஒரு தலைதான். அதையுமா சாமி காலடியில் வைத்தீர்கள்?

யோகராணி அக்கா மகளின் வாயோரத்துத் திருநீற்றைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். சாமியையும் பார்க்கவில்லை, டீச்சரையும் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.