தோட்டா சாரும் புரட்டாசி மானும்

ஆக்லாந்திலேயே ஒரு முடிவெடுக்க மூன்று வருடம் எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் தோட்டா சார்தான். அதற்குள் நான் கல்யாணம் முடித்து, விசா மாற்றி, பாட்டனி டவுன்ஸில் ஒரு வீட்டு மார்ட்கேஜில் தலையையும் கொடுத்துவிட்டேன். அவர் ஒரு துப்பாக்கிக் குண்டைத் தேர்ந்தெடுத்து முடிக்கவில்லை.

ஈஸ்ட் டாமாக்கியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் நாங்கள் இருவரும் தரம் பார்க்கும் வேலையில் இருந்தோம். அவருக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். இயற்பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும், யாரும் பார்த்ததில்லை. துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி ஞாயிறுதோறும் கிளப்பில் சுடுவார். சுட்டதெல்லாம் காகிதம். அப்படிப்பட்டவருக்குக் கிளப் குலுக்கலில் முதல் பரிசு விழுந்தது: நமீபியாவில் ஒரு மான் வேட்டை. குடு என்று பெயராம். மாட்டு உயரம், திருகின கொம்பு.

வேறு ஆளாக இருந்தால் டிக்கெட் போட்டிருப்பார். இவர் ஆராய்ச்சியில் இறங்கினார். பழைய ஈயக் குண்டா, புதுசாக வந்திருக்கும் முழுச் செப்புக் குண்டா?

“இங்க பாருங்க தம்பி, ஈயக் குண்டு போண்டா மாதிரிங்க. மேல செப்புத் தோலு, உள்ள மெத்துன்னு ஈயம். பட்டதும் நல்லா விரியும். ஆனா கிட்ட நின்னு அடிச்சா உதுந்து போயிரும். செம்பு பூரணம் வெக்காத கொழுக்கட்டைங்க. உடையாது, ஆழமாப் போவும். தூரத்துல வேகம் கொறஞ்சா விரியாமயே அந்தப் பக்கம் போயிரும்.”

“அப்ப எது சார் நல்லது?”

“அதத்தானுங்க யோசிக்கறேன்.”

ஒரு நாள் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், எனக்குப் போன் செய்தார். “தம்பி, உங்க சார் குளியல் தொட்டியில பேப்பர ஊறப் போட்டிருக்காரு. நாலு நாளா நாங்க வாளியில குளிக்கறோம். என்னன்னு கேளுங்க.”

கேட்டேன். “ஊறுனாத்தானுங்க கறி மாதிரி இருக்கும். அதுல சுட்டுப் பாக்கோணும்” என்றார்.

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு டிபன் டப்பாவை என் பக்கம் தள்ளினார். அக்காவின் கைப்பக்குவம் தெரிந்தவன் என்பதால் ஸ்பூனோடு பாய்ந்தேன். உள்ளே சப்பையாகிப்போன குண்டுகள் வரிசையாகப் படுத்திருந்தன.

“எடை போட்டுட்டேனுங்க. செம்பு அப்படியே இருக்குது. ஈயத்துல பாதியக் காணோம்.”

“எங்க போச்சு?”

“பேப்பருக்குள்ள தூளாக் கெடக்குது. இருந்தாலும் நம்ம துப்பாக்கிக்கு ஈயந்தான் புடிச்சிருக்குதுங்க. மூணு குண்டும் ஒரே ஓட்டையில போவுது. செம்பு செதறுது.”

“கறியிலயும் அந்தத் தூள் இருக்குமே சார்? ஈயம் விஷமாச்சே?”

“நாந்தானுங்களே திங்கப் போறேன். நமக்கென்ன, கல்லையும் செரிக்கற வயிறு.”

இப்படியே இரண்டு முறை பயணம் தள்ளிப்போனது. மூன்றாம் வருடம் நமீபியாவிலிருந்து வழிகாட்டி கண்டிப்பாக எழுதிவிட்டார்: இன்ன தேதி, வருகிறாயா இல்லையா, இல்லையென்றால் பரிசு வேறொருவருக்கு. தோட்டா சார் பதறிப்போய் ஈயம் என்று முடிவு கட்டி, டிக்கெட்டும் போட்டுவிட்டு வீட்டில் சொன்னார். அக்கா காலண்டரைப் பார்த்தார். புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை! அந்த வீட்டில் புரட்டாசி முழுக்க முட்டைகூட உடையாது.

போச்சு, வேட்டை அவ்வளவுதான் என்று நினைத்தேன். அக்கா நான் நினைத்ததைவிடப் பெரிய மனுஷி. “மூணு வருசம் ஊறுன பேப்பரோட வாழ்ந்துட்டேன், போயிட்டே வரட்டும். ஆனா ஒரு துண்டு வாயில வெச்சா அங்கயே இருந்துக்கட்டும்” என்றார்.

மறுநாள் காலையில் கேன்டீனிலிருந்தே வழிகாட்டியைப் போனில் பிடித்தார் சார். தான் சாப்பிடாவிட்டால் கறி என்ன ஆகும் என்று கேட்டார். வேட்டையில் தடம் பார்க்கிறவர் வீட்டுக்குப் போகும், அவருக்கு ஆறு குழந்தைகள் என்று பதில் வந்தது. சார் போனை வைத்தவர், அன்று முழுக்க ஒரு பெட்டியைக்கூடத் தொடவில்லை.

சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் வந்தார். “தம்பி, செம்புங்க.”

“உங்க துப்பாக்கிக்கு அது ஆகாதே சார்?”

“பழகிக்கட்டும். நானும் பழகிக்கறேன். நான் தின்னாப் பரவால்லீங்க. ஆறு கொழந்தைங்க தட்டுல ஈயத்தூளப் போட்டுட்டு வந்து நான் நிம்மதியா இருப்பனுங்களா?”

மூன்று வருடம் நகராத மனிதர் ஒரே பகலில் நகர்ந்துவிட்டார். அடுத்த இரண்டு மாதம் ஒரு ஞாயிறு விடாமல் பயிற்சி. வெடிமருந்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார். தோள்பட்டை கன்றிப்போய்ப் பெட்டி தூக்க முடியாமல் என் பக்கம் தள்ளுவார். கடைசி ஞாயிறன்று செம்பும் ஒரே இடத்தில் விழ, அந்தக் காகிதத்தை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

நமீபியாவிலிருந்து ஒரே ஒரு படம் அனுப்பினார். அதில் மானும் இல்லை, கொம்பும் இல்லை. நெருப்பைச் சுற்றி ஆறு குழந்தைகள், ஆறு வாயிலும் கறி. நடுவில் தோட்டா சார், கையில் வாழைப்பழத்தோடு, கல்யாண மாப்பிள்ளைபோல் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு வரி: “ஒரே குண்டுங்க தம்பி, எல்லாரும் வயிறாரச் சாப்ட்டாங்க.”

போன் மாற்றும்போதெல்லாம் அந்தப் படத்தைத்தான் முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.