உம் கொட்டும் பெட்டி பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய், இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், என் மேசை மேலிருந்த ஒரு சின்னப் பெட்டியின் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டேன். காரணம், நேற்று நீ அனுப்பிய செய்தி. "பதினாலு அட்டைப்பெட்டி வாங்கிட்டேன். மாசக் கடைசில சாவியைத் தரேன்னு வீட்டு ஓனர்கிட்ட சொல்லியாச்சு. நீயே உம்னு சொன்னப்புறம் எனக்கென்ன யோசனை?" அக்கா, அந்த உம்மைச் சொன்னது நானில்லை. பெட்டி.

போனில் சொன்னால், பேசுவது நானா பெட்டியா என்று உனக்குச் சந்தேகம் வரும். அதனால்தான் கைப்பட எழுதுகிறேன்.

நான் வலைப்பூ எழுதுவது உனக்குத் தெரியும். "ரேடியோவைப் பிரிச்சுப் போட்டதுமில்லாம அதை ஊருக்கெல்லாம் வேற சொல்றியா" என்று கேட்டாயே, அதுதான். தினமும் சாயங்காலம் நான் ஒயர் பற்றவைக்கிற சால்டரிங் கம்பியைக் கையில் எடுக்கும்போதுதான் உன் போன் வரும். உனக்கு உம் கொட்டிக்கொண்டே வேலை பார்த்து இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டேன். சரி, இதற்கும் ஒரு வழி செய்வோம் என்று என் குரலில் "உம்", "அப்படியா", "சொல்லுக்கா" மூன்றையும் பதிந்து, பேச்சு இரண்டு விநாடி நின்றால் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுகிற மாதிரி ஒரு பெட்டி செய்து போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் நாளே அவர் குளியலறையிலிருந்து "துண்டு எங்கே?" என்று கத்த, அது "அப்படியா" என்றது. மறுபடி கத்தினார், "சொல்லுக்கா" என்றது. மனுஷன் சொட்டச் சொட்ட வந்து நின்று, "யாருடி உனக்கு அக்கா?" என்கிறார். இதையும் விடுவேனா, வலைப்பூவில் போட்டேன். வழக்கமாக ஒன்பது பேர் படிக்கிற இடத்தில் நாலாயிரம் பேர். அதில் ஒருவர், சால்டரிங் சித்தப்பா என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதுபவர், "ரெண்டு விநாடி போதாதும்மா, அக்காங்க மூச்சு வாங்கவே அவ்வளவு நேரம் ஆகும், மூணாக்கு" என்று யோசனை சொன்னார். ஆக்கினேன். வந்தது வம்பு. நீ பேச்சை மூன்று விநாடி நிறுத்தியது உன் ஆயுளிலேயே ஒரு தடவைதான், "நான் உன்கூடவே வந்து இருந்துடட்டுமாடி?" என்று கேட்டுவிட்டு. நான் அப்போது அடுப்பை அணைக்கக் கீழே போயிருந்தேன்.

ஆகவே தயவுசெய்து வீட்டைக் காலி செய்யாதே. இருக்கிறது ஒரே ஒரு மாடி அறை, அதுவும் என் பட்டறை. அங்கே கை தட்டினால்தான் விளக்கு எரியும், இருமினால் அணைந்துவிடும். உன் இருமலுக்கு அது தாங்காது. அலமாரி முழுக்க ஒயர். நாம் ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே நாலு நாள் இருந்தால் ஐந்தாம் நாள் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

உன் ஆசியைக் கேட்க எனக்கு முகமில்லை. கோபம் போக மிச்சம் ஏதாவது இருந்தால் அனுப்பி வை.

இப்படிக்கு,
திட்டு வாங்கத் தயாராக இருக்கும் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனவள், எந்த இடத்தில் பிசகியது என்று வலைப்பூவுக்குக் குறித்துக்கொள்ள, போனில் தானாகப் பதிவாகியிருந்த அன்றைய நம் பேச்சைப் போட்டுக் கேட்டேன். முப்பத்தேழு நிமிஷம் பெட்டி வாயே திறக்கவில்லை. "நீ ஒருத்திதான்டி குறுக்கே பேசாம கேக்கறே" என்கிறாய். அப்புறம், "இப்பல்லாம் நின்னுக்கிட்டே சாப்பிட்டுடறேன், உக்காந்தா எதிர் நாற்காலி காலியா தெரியுது" என்கிறாய். அதற்கடுத்துத்தான் அந்தக் கேள்வி.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. பெட்டிகளைக் கட்டு. பட்டறை மேசையை இன்றைக்கே மாடியிலிருந்து கீழே இறக்கப்போகிறேன். அவரிடம் இன்னும் மூச்சு விடவில்லை. நீ வாசலில் வந்து இறங்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.