தண்ணி டேங்குக்கு ஸ்வெட்டர் தச்ச கதை

அன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதானுங்க. வேனுக்கு அடியில இருக்கற தண்ணி டேங்குக்கு ஃபோம் ஷீட் சுத்தோணும்.

உங்க எல்லாத்துக்கும் தெரியும், எங்களுக்கு வேன்தான் ஊடு. நான், சம்சாரம் சுகன்யா, பொண்ணு தியா, மூணு பேரும் அதுலயே சமைச்சு, தூங்கி, சண்டை போட்டு ஊர் ஊரா சுத்தறோம். இந்தக் குளிருக்கு மணாலிப் பக்கம் போயி பனியில சறுக்கறதுன்னு முடிவு.

தியாவுக்கு ஆசையும் இருக்குது, பயமும் இருக்குது. "அப்பா, நீங்க கீழ நிக்கோணும். நின்னாத்தான் நான் மேலிருந்து சறுக்குவேன்"னு சத்தியம் கேட்டா.

"அப்பன் வேற எங்க கண்ணு போகப் போறேன்?"னு கையில அடிச்சுக் குடுத்தேன்.

பனியில தண்ணி உறைஞ்சா டேங்கு கீறல் விட்டுரும். வேன்ல சுத்தறவங்க குரூப்புல கேட்டேன். ஒரு சென்னைக்காரர் சொன்னாரு, "தண்ணி ஏறாத ஃபோம் ஷீட் சுத்துங்க. ராத்திரி டேங்கைக் காலி பண்ணிடுங்க. அவ்வளவுதான்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! பனி பேயற நாட்டுக்கெல்லாம் சட்டை தச்சு அனுப்பறது நாங்க. திருப்பூர்க்காரனுக்கு இவரு குளிரைப் பத்திப் பாடம் எடுக்கறாரு! அதுவரைக்கும் நான் பனியைப் பார்த்தது ஃப்ரீசருக்குள்ள மட்டும்தான். அது வேற விஷயம்.

வேனை நேரா அவிநாசிக்கு விட்டேன். அங்க சுகன்யாவோட அண்ணன், என் மச்சான் செந்தில், பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. வேன் ஏறறதுக்கு முன்னாடி நானும் அந்த ஃபீல்டுதான். மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்ட மாதிரி துணி வந்திருக்குதான்னு பார்த்து, "சரியில்ல, மறுபடி தைங்க"ன்னு தையக்காரங்க உசுரை எடுக்கற வேலை.

"ஏனுங் மாப்ள, கம்பெனி நெறையத் துணியை வெச்சுக்கிட்டு ஃபோம் வாங்கக் கடைக்குப் போவீங்களா? ஊர்ல கேட்டா சிரிக்க மாட்டாங்களா?"ன்னாரு மச்சான்.

"அதானுங் மச்சான்!"

"ஐரோப்பா ஆர்டர்ல மிச்சமான ஃப்ளீஸ் கெடக்குது. உள்பக்கம் மெத்துமெத்துனு இருக்கும். டேங்குக்கு ஒரு ஸ்வெட்டரே தச்சுரலாமுங்க."

சுகன்யா மட்டும் துணியைத் தடவிப் பார்த்துட்டு, "ஏனுங்க, இது காட்டன்தானுங்களே? நனைஞ்சா என்னாகும்?"னு கேட்டா.

"எக்ஸ்போர்ட் குவாலிட்டிம்மா!"ன்னேன்.

அவ கேட்டதுக்கும் நான் சொன்னதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா எங்கூர்ல இந்தப் பதிலுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க.

சேம்பிள் மாஸ்டர் டேப்பை எடுத்துக்கிட்டு வேனுக்கு அடியில போனாரு. கொஞ்ச நேரங்கழிச்சு சத்தம் மட்டும் வந்துச்சு.

"சார், லென்த் எடுத்துட்டனுங்க. செஸ்ட்டும் எடுத்துட்டனுங்க. ஷோல்டர் எங்கீங்க?"

"ஷோல்டர் இல்லீங்க. அது டேங்கு."

"அப்ப ஸ்லீவ்லெஸ்ஸுங்களா?"

"ரெண்டு பைப்பு இருக்குது பாருங்க, அதுக்குக் கை வெச்சுருங்க!"

முதல் சேம்பிள் வந்துச்சு. அத்தோட விட்டிருக்கலாம். பழைய வியாதி விடுமா? வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன். உடம்பு ஒரு ஷேடு, கை முனையில பட்டியாட்டத் தைக்கற ரிப்பு ஒரு ஷேடு. "ரிஜெக்ட்!"ன்னுட்டேன்.

"வேனுக்கு அடியில யாருங்க பார்க்கப் போறா? தெருநாய்தான் பாக்கும்"னா சுகன்யா.

"நாய் பார்த்தாலும் குவாலிட்டி குவாலிட்டிதான்!"

ரெண்டாவது சேம்பிள்ல தையல் லூசு. மூணாவதுக்குத்தான் ஓகே சொன்னேன். அதுக்குள்ள மச்சான் ஆர்வத்துல கழுத்து லேபிளு, வாஷ் கேர் லேபிளு எல்லாம் வெச்சுட்டாரு. குளிர்ந்த தண்ணியில மட்டும் துவைக்கோணும்னு அதுல போட்டிருந்துச்சு. மிச்சத் துணியில எங்க மூணு பேருக்கும் அதே கலர்ல ஜிப் வெச்ச ஸ்வெட்டர். டேங்கோட சேர்ந்து குடும்பப் படம் எடுத்துப் போட்டேனே, நீங்ககூட அள்ளி அள்ளி லைக் போட்டீங்களே, அது அன்னிக்கு எடுத்ததுதான்.

டேங்கைக் காலி பண்றதை மட்டும் மறந்தாச்சு. மறக்கலீங்க, உண்மையைச் சொல்றேன். ஸ்வெட்டர் போட்ட டேங்கை எதுக்குக் காலி பண்றதுங்கற திமிரு.

மணாலி ஏறற ரோடு பூரா உருகின பனியும் சேறும். சக்கரம் வாரி வாரி அடிச்சதை ஸ்வெட்டர் ஒரு சொட்டு விடாமக் குடிச்சிருக்குது. லேபிள்ல சொன்ன மாதிரியே குளிர்ந்த தண்ணி.

சறுக்கற மேட்டுக்குப் பக்கத்துலயே வேனை நிறுத்துனோம். மறுநா காலையில தியாவுக்குச் சறுக்கச் சொல்லித்தர்ற கிளாஸ். அதை விட்டா வேற நாள் கிடையாது, பனி பெருசா வருது, ரோட்டை மூடப் போறாங்கன்னு சொல்லிட்டாங்க.

விடிஞ்சு எந்திரிச்சுக் குழாயைத் திறந்தேன். சொட்டுத் தண்ணி இல்ல.

அடியில போயித் தட்டிப் பார்த்தேன். டங்குங்குது! ஸ்வெட்டர் கல்லாட்ட நிக்குது. உள்ள டேங்கு கீறல் விட்டுருச்சு. இதைக் கழட்டினாத்தான் ஒட்டவே முடியும். டீக்கடையில சுடுதண்ணி வாங்கியாந்து, அதே துணியில தச்ச என் ஸ்வெட்டரோட மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஊத்தினேன். ஆவி பறந்துச்சு. ஆகா, அறிவுன்னா இதுதான்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன். ஊத்தினதெல்லாம் வழிஞ்சு என் முதுகுக்கு அடியிலதான் போயிட்டிருந்துச்சு. அது எனக்குத் தெரியல. கை ரிப்பைப் பிடிச்சு இழு இழுன்னு இழுத்துட்டு, சரி எந்திரிக்கலாம்னு பார்த்தா முடியல.

"சுகன்யா! ஒட்டிக்கிச்சு!"

"எது?"

"நானு!"

குனிஞ்சு எட்டிப் பார்த்தா.

"எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்களா?"ன்னு கேட்டா.

அம்மாளும் மகளும் முந்தின நாளே சத்தமில்லாம வாடகைக்குத் தண்ணி ஏறாத டிரெஸ் எடுத்துட்டாங்க. எனக்கும் எடுக்கறேன்னாளுங்க. நான்தான் திருப்பூர் மானம் போயிரும்னு வேண்டாம்னேன்.

"கிளாஸுக்கு நேரமாச்சு. நீங்க வரப்ப வாங்க"ன்னு பொண்ணைக் கூட்டிட்டு நடந்துட்டா. "அப்பா வந்தாத்தான் நான் சறுக்குவேன்!"னு தியா அழுகறது கேட்டுட்டே இருந்துச்சு. கையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கறனே!

ஜிப்பைத் திறந்தேன். கையை உருவினேன். ஸ்வெட்டரைத் தரையிலயே விட்டுட்டு எப்படியோ வெளிய வந்து ஓடுனேன். உள்ள போட்டிருந்தது கையில்லாத வெள்ளைப் பனியன்.

சுத்திலும் தலையிலிருந்து கால் வரைக்கும் மூடின ஜனம். நடுவுல நானு. ஒருத்தன் ஹிந்தியில, "என்ன சார், ரொம்ப வேர்க்குதா?"ன்னு கேட்டுட்டு செல்ஃபி எடுத்தான். பல்லு கிடுகிடுங்குது. நான் அதெல்லாம் பார்க்கல. மேட்டுக்குக் கீழ போயி ரெண்டு கையையும் விரிச்சு, "கண்ணு! அப்பன் வந்துட்டேன்! வா!"ன்னு கத்துனேன்.

மேல தியா திரும்பிப் பார்த்தா.

பக்கத்துல நின்ன புள்ள, "அது உங்கப்பாவா?"ன்னு கேட்டுச்சாம். இவ, "நஹீ"ன்னாளாம். இருக்கற ஹிந்தியில அதுதான் அவளுக்கு நல்லாத் தெரியும். சொல்லிட்டு, கிளாஸ் எடுக்கற மாஸ்டர் கையையும் உதறிட்டு, நான் நின்னதுக்கு அக்கட்டால பக்கமாத் திரும்பி, சர்ருனு போயிட்டா. விழல, அழுகல, கடைசி வரைக்கும் ஒரே சறுக்கு! எனக்குப் பெருமை தாங்கல. வயித்தெரிச்சலும் தாங்கல. விரிச்ச கையை மடக்கவும் முடியல, குளிர்ல வெறைச்சுப் போச்சு.

அப்புறம், "பயம் போயிருச்சா கண்ணு?"ன்னு கேட்டேன்.

"நீங்க நின்ன பக்கம் வந்துருவனோன்னுதாம்ப்பா பயமே"ன்னா.

அந்த நேரம் பார்த்து அவிநாசியிலிருந்து மச்சான் போன்.

"ஏனுங் மாப்ள, ஸ்வெட்டரெல்லாம் ஃபிட்டிங் எப்படி?"

"ஃபிட்டிங் அருமைங் மச்சான். டேங்கோடதையும் கழட்ட முடியல, என்னோடதையும் தரையிலிருந்து கழட்ட முடியல."